அட்சதை வாங்கிய ராக்கெட்

சனத்துக்கு விஞ்ஞானம் சொல்ல வேண்டும் என்ற விசர் எனக்கு எப்போது பிடித்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. பிடித்தது, விடவில்லை, அவ்வளவுதான். நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். துறைமுகத்தில் வந்திறங்கும் சாமான்களுக்குக் கடதாசி எழுதும் கம்பனி ஒன்றில் கிளார்க். கலியாணம் கட்டிய பிறகு வெள்ளவத்தைக்கு வந்து, காலி நகருக்குப் போகும் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் முதலாம் மாடியில் குடியிருந்தேன். பகல் முழுக்க எழுதுவது பால்மா எத்தனை பெட்டி, ரயர் எத்தனை என்று. மனம் முழுக்க வியாழனும் சனியும். சனி என்று வாயெடுத்தாலே எங்கள் ஆட்கள் எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்கு ஓடுகிறார்கள். அந்தச் சனிக்கு வளையம் இருக்கிறது, பார்க்க எவ்வளவு வடிவு என்று இவர்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கொள்ளுப்பிட்டியில் நடைபாதையில் பழைய ஆங்கிலச் சஞ்சிகைகள் விற்பார்கள். அவற்றை வாங்கிவந்து, வாசித்ததையெல்லாம் மனைவிக்குச் சொல்லுவேன். அவள் மீன் வெட்டிக்கொண்டு கேட்பாள், அல்லது கேட்பது போல இருப்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், இதை எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, ஊருக்குச் சொல்லுங்கோ என்றாள். வாயை மூடு என்பதற்கு அது மரியாதையான சொல் என்று எனக்கு விளங்கவில்லை. அடுத்த கிழமையே ரியூஷன் நடக்கும் ஒரு டியூட்டரி மண்டபத்தை ஞாயிறு காலைக்கு இரவல் கேட்டு எடுத்து, ஒழுங்கை ஒழுங்கையாக நோட்டீஸ் ஒட்டினேன். "விண்வெளிப் பயணம்: பொதுமக்களுக்கு இலவச விளக்கம். அனைவரும் வருக."

அது சண்டைக் காலம். வெள்ளவத்தை லொட்ஜ்கள் முழுக்க வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போக வழி பார்த்துக்கொண்டிருந்த சனம். பத்துப் பேர் வந்தால் போதும் என்று நினைத்துப் போனேன். மண்டபம் கொள்ளாத சனம். வாசலிலும் நிற்கிறார்கள். என் கண் கலங்கிவிட்டது. அரை மணித்தியாலம் மூச்சு விடாமல் கதைத்தேன். விண்வெளியில் பாரம் இல்லாமல் மிதப்பதைச் சொன்னேன், சுவரோடு கட்டிக்கொண்டு நித்திரை கொள்வதைச் சொன்னேன். எல்லோரும் கவனமாகத் தலையாட்டினார்கள். சிலர் கொப்பியில் எழுதினார்கள்.

முன் வரிசையில் பைலைக் கட்டிப்பிடித்தபடி இருந்த ஒருவர் எழும்பி, போய்ச்சேர எத்தனை நாள் என்று கேட்டார். சந்திரனுக்கு மூன்று நாள் என்றேன். மூன்று நாள் பரவாயில்லை என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லிவிட்டு, எந்தப் பாதையால் போவது, மொஸ்கோவாலா, சிங்கப்பூராலா என்று கேட்டார். அப்போதுதான் மடிகளைப் பார்த்தேன். எல்லோர் மடியிலும் பாஸ்போர்ட் பிரதி. ஏஜென்ற் ஒருத்தரும் இல்லை, அரசாங்கமே நேரடியாக அனுப்புகிறது என்று நான் விளக்கியதும் ஐந்து நிமிடத்தில் மண்டபம் காலி. ஒருவர் மட்டும் திரும்பி வந்து, எங்கட ஆக்களை எடுக்கத் தொடங்கினால் சொல்லுங்கோ தம்பி என்று தன் லொட்ஜ் அறை நம்பரை எழுதித் தந்துவிட்டுப் போனார்.

இதோடு வேறொருவன் என்றால் விட்டிருப்பான். நான் டெக் வாங்கினேன்.

வாங்கினேன் என்பது பொய். டுபாயிலிருந்து வந்த மனைவியின் தமையன் பிந்திய கலியாணப் பரிசாகக் கொண்டுவந்த வீடியோ டெக் அது. கனடாவில் எடுத்த கசற்றைக் கொழும்பு டெக்கில் போட்டால் கோடு கோடாக ஓடும், படம் தெரியாது. எங்கள் டெக் எந்த நாட்டுக் கசற்றையும் காட்டும். அந்த ஒழுங்கையிலேயே அப்படி ஒன்று எங்கள் வீட்டில்தான் இருந்தது. அந்த நாளில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு பிள்ளையாவது வெளியில். அங்கே கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று எது நடந்தாலும் யாராவது ஒருவருடைய பையில் கசற் வந்து இறங்கும். இறங்கினால் நேரே எங்கள் வீடு. மாடி மாடியாகக் கதிரை இறங்கும். கசற்காரர் ரோல்ஸும் பட்டிஸும் கொண்டுவருவார். சனம் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் சீலையை விமர்சிக்கும்.

மூன்று மணித்தியாலம் எழும்பமாட்டாத சனம். இதைவிட ஒரு விஞ்ஞான ஆர்வலனுக்கு என்ன வேண்டும்? நான் ஒரு சட்டம் போட்டேன். என் வீட்டில் கசற் பார்ப்பதென்றால் முதல் பத்து நிமிடம் எனக்கு.

தேங்காய் ஒன்றை எடுத்து, இது பூமி என்பேன். புளிக்கிற சின்னத் தேசிக்காய் சந்திரன். தேசிக்காயைத் தேங்காய்க்குக் கிட்டப் பிடிக்கக்கூடாது, பன்னிரண்டு அடி தள்ளிப் பிடிக்க வேண்டும். ஆகவே மனைவி தேசிக்காயோடு குசினி வாசலில் நிற்பாள், முகத்தை அங்காலே திருப்பிக்கொண்டு. அப்போ சூரியன் எங்கே என்று கேட்பேன். நானே சொல்லுவேன்: சூரியன் நாலு மாடிக் கட்டிடம் அளவு, அது பம்பலப்பிட்டிப் பக்கம் நிற்கிறது. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். ஒரு கூட்டமும் தவறவிடமாட்டார். பம்பலப்பிட்டியிலிருந்து வெளிச்சம் இங்கே வருவதென்றால் பாலத்தடியில் ஆமிக்காரனுக்கு ஐடென்டிக் கார்ட் காட்ட வேண்டுமே என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் கோபித்துக்கொண்டு அன்றைக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தேன்.

அருந்ததியையும் விடவில்லை. கலியாணக் கசற்றில் ஐயர் கூரையைக் காட்ட, பெண்ணும் மாப்பிள்ளையும் ரியூப்லைற்றைப் பார்த்துக் கும்பிடுவார்கள் அல்லவா? அங்கே டெக்கை நிறுத்திவிட்டு, அருந்ததி ஒரு நட்சத்திரம், பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, பட்டப்பகலில் இரண்டும் தெரியாது, இவர்கள் பார்ப்பது பொய் என்று விளக்குவேன். அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்கு முன்னாலேயே விளக்குவேன். இப்போது நினைத்தால் என்னை ஒருவரும் அடிக்காமல் விட்டது ஆச்சரியம்தான்.

மூன்றாம் மாடியில் ஓர் அன்ரி தனியே இருந்தார். புருஷன் காலமாகிவிட்டார். இருந்தது ஒரே மகன். பத்தொன்பது வயதில் அவனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, சண்டைக்குள் ஊரிலிருந்து கிளம்பி வந்து, பதினொரு வருடமாக அவனைக் காணாமல் இருந்தவர். அவன் அகதியாகப் பதிந்தவன், இங்கே வர முடியாது. அங்கேயே அவனுக்குக் கலியாணம் பேசி முற்றாகியது. அன்ரி விசாவுக்குப் போட்டார். மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பிவரமாட்டீர்கள் என்று காரணம் சொன்னார்களாம். கலியாணத்துக்கென்று எடுத்த கூறைப்பட்டு மாதிரியான சிவப்புக் கரைச் சீலையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கலியாண நாளன்று கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து படுத்துவிட்டார் என்று மனைவி சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்துக் கசற் வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அன்ரி அதை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஞாயிறு காலை நல்ல நேரம் பஞ்சாங்கம் பார்த்து வைத்திருக்கிறார். எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. வடை பாயாசத்தோடு சாப்பாடு தன் செலவு. தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட வேண்டும், மஞ்சள் அரிசி தானே கொண்டுவருவேன் என்றார். ரீவிக்கா அன்ரி என்று கேட்க வாய் உன்னியது. மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

"தம்பி, ஓடுதோ எண்டு மட்டும் ஒருக்காப் போட்டுப் பாரும். ஆனா தாலி கட்டுற இடம் வரமுதல் நிப்பாட்டிப்போடும். அதை முதல்ல பாக்கிறது நானாத்தான் இருக்கவேணும்."

சொல்லைக் காப்பாற்றினேன். அதுதான் வினையாகப் போனது.

போட்டுப் பார்த்தேன். நல்ல தெளிவு. பெண் மண்டபத்துக்குள் வரும்போது நிலத்தில் வெள்ளைப் புகை விட்டார்கள். அங்கே அப்போது அது பாஷன். வேகமாக ஓட்டிப் போய், தாலித் தட்டைச் சபையில் கொண்டுவந்து பெரியவர்கள் தொட்டுக் கும்பிடுகிற இடத்தில் சரியாக நிற்பாட்டினேன். கசற்றை எடுக்கவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், போனேன்.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தால் ரீவியில் சந்திரப் பயணத்தைப் பற்றி ஒரு படம் தொடங்குகிறது. இதற்காக எத்தனை மாதம் காத்திருந்தேன்! எனக்கென்று ஒரு கசற் வைத்திருந்தேன். விண்வெளி சம்பந்தமாக எது வந்தாலும் அதில் பதிவேன். அது எப்போதும் டெக்குக்குள்தான் கிடக்கும். ஈரக் கையோடு பாய்ந்து பதிகிற பொத்தானை அமத்திவிட்டு, நிலத்தில் இருந்து வாயைப் பிளந்தபடி பார்த்தேன். கோபுரம் உயரத்துக்கு ராக்கெட், அடியில் வெள்ளைப் புகை, தலைகீழ் எண்ணிக்கை, நெருப்பு, முழக்கம். பன்னிரண்டு நிமிடம் போயிருக்கும், கரண்ட் போய்விட்டது. கரண்ட் போர்ட்டைப் பாட்டம் பாட்டமாகத் திட்டிவிட்டுப் பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனேன்.

கரண்ட் வந்ததும் மனைவி கலியாணக் கசற்றைச் சுற்றி எடுத்துச் சாமிப்படத்தடியில் வைத்திருக்கிறாள். என்னுடைய கசற் ரீவிக்கு மேலே கிடந்தது. நான் வந்து அதைப் பார்த்தேன். அவள் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தேன். அவள், மத்தியானம் கலியாணக் கசற்றைப் போட நானே அதை எடுத்து அங்கே வைத்தேன் என்று தெரிந்தவள், ஆனால் நான் கேட்டால்தானே சொல்ல. அவள் பிழை இல்லை. என் பிழைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் மனைவியிடம் பவ்வியமாக ஒரு விண்ணப்பம் வைத்தேன். கலியாணத்துக்கு முன்னால் நேற்றுப் பதிந்த ராக்கெட்டை மட்டும் காட்டட்டுமா, ஐந்தே நிமிடம். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இண்டைக்கு உங்கட ராக்கெட், தேங்காய் ஒண்டும் இந்த வீட்டில வரக்கூடாது. அந்த மனிசி ரெண்டு மாசமா நித்திரை இல்லாமல் இருந்தது. வாயைத் திறந்தியளோ, நான் அம்மா வீட்டை போயிடுவன்."

அம்மா வீடு வத்தளையில், நினைத்தால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம். நான் வாயைத் திறக்கவில்லை.

முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். எனக்கு ஒரு பத்து நிமிடமும் இல்லை என்று கேள்விப்பட்டுச் சிலர் வெளிப்படையாகவே சந்தோசப்பட்டார்கள். தபாலதிபர், எங்கே தம்பி இண்டைக்குத் தேசிக்காய் என்று கேட்டு வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். அன்ரி அந்தச் சீலையைக் கட்டி, தலைக்குப் பூ வைக்கமாட்டாத குறைக்குக் கையில் பூத்தட்டோடு வந்தார். எல்லோருக்கும் பூவும் மஞ்சள் அரிசியும் கையில் தந்தார். எனக்கும் தந்தார். ரீவிக்கு நேரே போட்ட கதிரையில் உட்கார்ந்தார்.

பெண் புகைக்குள்ளால் வந்தாள். ஏன் புகை விடுகிறார்கள் என்று அன்ரி கேட்க, அது கனடாவில் இப்போது எல்லாக் கலியாணத்திலும் விடுவார்கள் என்று பல கசற் பார்த்த அனுபவசாலிகள் விளக்கினார்கள். மகன் மணவறைக்கு வந்தபோது அன்ரி, மெலிஞ்சு போனான் என்றார். அவன் நன்றாகத் தொப்பை வைத்திருந்தான். ஒருவரும் மறுக்கவில்லை.

தாலித் தட்டு சபைக்கு வந்தது. அன்ரி எழுந்து நின்றார். அவர் நின்றதைப் பார்த்து எல்லோரும் நின்றார்கள். தட்டு ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று போனது. திடீரென்று படம் ஆடியது, புள்ளி புள்ளியாக வந்தது. தட்டுங்கோ, ரீவியில ஒரு தட்டுத் தட்டுங்கோ என்று யாரோ சொன்னார்கள். தட்டமுதல் படம் திரும்பவும் சரியாகிவிட்டது. திரை முழுக்க வெள்ளைப் புகை. ஒரே முழக்கம்.

"கட்டுறான்," என்றார் அன்ரி. "எறியுங்கோ."

முப்பது பேரும் எறிந்தார்கள். சாதாரண எறி இல்லை, இரண்டு மாதம் சேர்த்து வைத்த எறி. மஞ்சள் அரிசி ரீவியில் பட்டுச் சடசடவென்று தெறித்தது; டெக்கின் வாய்க்குள் போனது; தபாலதிபர் கண்ணை மூடி மந்திரமே சொல்லத் தொடங்கிவிட்டார். நானும் எறிந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். நானும் எறிந்தேன்.

புகை கொஞ்சம் விலகியது. ராக்கெட் மேலே எழும்பிப் போனது.

கண்ணைத் திறந்த தபாலதிபர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, இது மாப்பிள்ளை இல்லையே என்றார். விழுந்தடித்துக்கொண்டு போய் டெக்கை வேகமாக ஓட்டினேன். ராக்கெட் இன்னும் வேகமாகப் போனது. பூமி சின்னதாகியது. ஓட்டினேன், ஓட்டினேன், மறுபடி புள்ளி விழுந்தது, விட்டேன். மணவறை வந்தது. ஐயர் மேலே கையைக் காட்டுகிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அருந்ததி. ஆனால் இருந்த சனம் எல்லோருக்கும் தெரிந்தது வேறு: அந்த ராக்கெட் எங்கே போய்விட்டது என்று மூன்று பேரும் தேடுகிறார்கள். பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

குசினிப் பக்கம் யாரோ ஒருவர் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும். நான் மட்டும் சிரிக்கவில்லை, அன்ரியும். அவர் நிலத்தில் குந்தியிருந்து, விழுந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்றுவிட்டது. பொறுக்கிய அரிசியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"உமக்கு என்ர பிள்ளையின்ர கலியாணமோ தம்பி கிடைச்சது?"

கசற்றை எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார். வடையும் பாயாசமும் அப்படியே இருந்தது. நான் செத்துப்போயிருக்கலாம் என்று நினைத்தேன், பகிடிக்குச் சொல்லவில்லை.

தவறுதலாக நடந்தது என்று சத்தியம் பண்ணினேன். ஒருவரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? சாமத்தியவீட்டுக்கு நடுவில் சூரிய கிரகணம் சொன்னவன் நான். நேரம் பார்த்துச் செருகிப்போட்டீர் என்றார் தபாலதிபர், கொஞ்சம் மெச்சுகிற மாதிரி. அது குத்திக்காட்டுவதைவிடப் பொல்லாதது. ஒழுங்கை முனையில் மரக்கறி விற்கிற சிங்களவன்கூட என்னைக் கண்டால், கோமத ராக்கெட் மாத்தயா என்று சுகம் விசாரிக்கத் தொடங்கினான். மனைவி அம்மா வீட்டுக்குப் போகவில்லை. போயிருந்தால் நல்லது என்று நினைக்கும் அளவுக்கு வீட்டிலேயே இருந்து ஒன்றும் பேசாமல் இருந்தாள். டெக்கைக் கழற்றி ஊசியால் மஞ்சள் அரிசி எடுக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது.

எங்கள் கட்டிடத்தில் லிஃப்ற் கிடையாது. அன்ரி கடைக்குப் போவதென்றாலும் கோயிலுக்குப் போவதென்றாலும் எங்கள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் கதவடியில் நிற்பேன். அவர் படியைப் பார்த்துக்கொண்டே இறங்குவார். அவருடைய காலடிச் சத்தம் எனக்குப் பாடமாகிவிட்டது. தேங்காயும் தேசிக்காயும் கறிக்கு மட்டும்தான் இனி என்று முடிவெடுத்தேன்.

காலி வீதியில் கொமினிக்கேஷன் கடை ஒன்றுக்குள் நின்று கனடாவில் இருந்த அன்ரியின் மகனுக்கு ஃபோன் எடுத்தேன். நடந்ததைச் சொல்ல, முதலில் சிரித்தான். பிறகு, அம்மா அழுதவவோ என்று கேட்டான். இல்லை, அரிசி பொறுக்கினவ என்றேன். வீடியோக்காரனிடம் இன்னொரு பிரதி எடுத்து யாரிடமாவது அனுப்புவதாகச் சொன்னான். வருகிற ஆள் கிடைக்க மூன்று மாதம் ஆனது.

இரண்டாம் கசற்றும் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வேறு டெக் இல்லை. அன்ரி மனைவியின் கையில் கொடுத்து, உம்மட மனிசன் இதில கை வைக்கக்கூடாது பிள்ளை என்றார். நான் தூர நின்றே, அதன் முதுகில் உள்ள சின்னத் தகட்டை உடைத்துவிட்டால் ஒருவராலும் மேலே பதிய முடியாது என்று சொன்னேன். மனைவி கத்தியால் உடைத்தாள். அந்த மூன்று மாதத்தில் நான் சொன்ன ஒரே விஞ்ஞானம் அதுதான்.

மறுபடியும் ஞாயிறு, மறுபடியும் சீலை, அரிசி, சனம். நான் குசினி வாசலில் நின்றேன். இந்த முறை ஒருவரும் பகிடி விடவில்லை. தட்டு வந்தது, போனது. படம் ஆடவில்லை. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் தந்தார். மாப்பிள்ளை எழுந்தான். கெட்டிமேளம் தொடங்கியது. அன்ரி அரிசிக் கையை ஓங்கினார்.

கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் கமராவோடு குறுக்கே வந்து நின்றார்.

அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். பிறகு இரண்டு சீலைகள். பிறகு ஒரு பெரிய முதுகு. எல்லோர் கையிலும் கமரா. வீடியோக்காரன் பாவம், தன் கமராவைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான். கூரையில் தொங்கிய விளக்கு வந்தது. இறக்கினான்; முதுகு வந்தது. மேளம் உச்சத்துக்குப் போய் நின்றது. முதுகுகள் விலகின. பெண்ணின் கழுத்தில் தாலி இருந்தது.

"கட்டியாச்சோ?" என்று அன்ரி கேட்டார்.

மனைவி திரும்பச் சுற்றிப் போட்டாள். முதுகு. இன்னொருதரம். முதுகு. அன்ரி குசினிப் பக்கம் திரும்பி, நீர் ஒருக்கா வந்து பாரும் தம்பி என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை. முழந்தாளில் இருந்து, ஒவ்வொரு படமாக நிற்பாட்டி நகர்த்தினேன். கோட்டு. கோட்டு. ஒரு வழுக்கைத் தலை. கோட்டுக்கும் சீலைக்கும் நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளியில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. இதுதான் அன்ரி, இந்த மஞ்சள்தான் தாலி என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, நிச்சயம் இல்லாத ஒன்றை நிச்சயமாகச் சொன்னேன். அது கமரா லைற் எல்லோ என்றார் தபாலதிபர். அந்த மனிசனை அன்றைக்கு அடித்திருக்க வேண்டும்.

"சரி, கட்டியாச்சுத்தானே," என்றார் அன்ரி. "எறியுங்கோ."

எறிந்தார்கள். மெதுவாக.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கியது உண்மை. மூன்று மாதமாக நான் அழித்தேன் என்று சுமந்தது இந்த முதுகுகளைத்தான். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனம் வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். அன்ரி கதிரையை விட்டு எழும்பவில்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, பையிலிருந்து பழைய கசற்றை எடுத்து என்னிடம் நீட்டி, உம்மட ராக்கெட்டைப் போடும் என்றார். என்னை ஏசுவதற்குத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையாகவே பார்த்தார். கடைசிவரை பார்த்தார்.

"அதுக்குள்ள இருக்கிற பிள்ளையளின்ர தாய்மார் எங்க நிண்டு பாத்தவை?"

எத்தனை கூட்டம் போட்டிருக்கிறேன், எத்தனை பேர் எத்தனை நக்கல் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. குடும்பத்து ஆட்களுக்கென்று தனியாகக் கதிரை போட்டு இருத்துவார்கள் அன்ரி, மூன்று நாலு மைல் தள்ளி, கிட்டப் போனால் ஆபத்து என்றேன்.

நாலு மைலில் இருந்து முகம் தெரியாதே என்றார். தெரியாது, நெருப்பும் புகையும்தான் தெரியும் என்றேன். அவர் தலையாட்டினார். திரையில் பூமி சின்ன உருண்டையாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளையள் திரும்பி வந்தவையோ?"

"ஓம் அன்ரி. எட்டாம் நாள் வந்திட்டினம்."

"எட்டாம் நாளோ." சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். "என்ர பிள்ளை கனடாவுக்குத்தானே தம்பி போனவன்."